சட்டை மாற்றிக்கொள்ளும் உரிமை

எங்கள் தெருக்காரர்களின் முகங்களைப் படமெடுத்துத் தொகுப்பது என்று நாங்கள் ஐவர் முடிவு செய்து ஏழெட்டு மாதங்கள் ஆகின்றன. திண்டுக்கல்லில் நாகல் நகரையும் பேகம்பூரையும் ஒட்டி நாங்கள் அன்றாடம் நடந்து திரியும் வட்டாரம். அதில் நாற்பது பேர். ஆளுக்கு ஒரு படம், படத்தின் கீழே நான்கு வரி. திட்டத்துக்குத் தலைப்புகூட வைத்தாகிவிட்டது: 'எளிய மனிதர்கள்'. அந்தத் தலைப்பையும் அதற்குப் பின்னால் நின்ற எங்கள் அழகியலையும் இப்போது நாங்களே மறுத்து எழுத நேர்ந்திருக்கிறது. ஆனால் கூண்டில் நாங்கள் மட்டும் ஏறுவதாக இல்லை. இலக்கியம் வாசிக்கிற, சிற்றிதழ் புரட்டுகிற, நல்ல புகைப்படம் எது கெட்ட புகைப்படம் எது என்று தீர்ப்புச் சொல்கிற நம் அனைவரையும் சேர்த்தே அழைக்கிறோம்.

நடந்தது இதுதான். முதல் படத்துக்காக ஒரு பூட்டுப் பட்டறைக்குப் போனோம். எழுபதைக் கடந்த பெரியவர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரம் பிடித்த கை. படமெடுக்க வேண்டும் என்றதும் எழுந்து கை கழுவப் போனார். "ஒரு நிமிசம் இருங்க தம்பி, சட்டைய மாத்திட்டு வந்துர்றேன்" என்றார். "வேணாங்கய்யா, இப்படியே உக்காருங்க, இதுதான் நல்லா இருக்கு" என்றோம். எங்களில் கேமரா பிடித்தவர் மட்டுமல்ல, ஐவருமே அதைச் சொன்னோம். அவர் ஒருகணம் எங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கதவிடுக்கு வழியாகப் பக்கவாட்டில் விழுந்த வெளிச்சம், விரல் ரேகைகளில் படிந்த இரும்புத்தூள், தோள்பட்டையில் கிழிந்த பனியன், சுருக்கங்களுக்குள் புதைந்த கண்கள். படம் பிரமாதமாக வந்தது. உலகத் தரம் என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

பத்து நாள் கழித்து டீக்கடையில் அவர் கேட்டார்: "படம் எப்பக் குடுப்பீங்க தம்பி?" உண்மையைச் சொன்னால், கொடுப்பது என்ற எண்ணமே எங்கள் திட்டத்தில் இல்லை. கண்காட்சி இருந்தது, புத்தகம் இருந்தது, முன்னுரை யாரிடம் வாங்குவது என்பதுவரை பேசி முடித்திருந்தோம். அசடு வழிந்துகொண்டு செல்பேசியில் படத்தைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது வேணாம் தம்பி. இத வீட்ல மாட்ட முடியாது. பேரன் பேத்தியெல்லாம் பாக்கும்ல."

இந்த ஒற்றை வாக்கியம் எங்கள் திட்டத்தைச் சாய்த்துவிட்டது. யாருடைய முகத்தை எடுத்தோமோ அவர் தம் வீட்டுச் சுவரில் மாட்ட முடியாத ஒரு படத்தை, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் சுவரில் மாட்டிப் பெருமைப்படுவதற்காக எடுத்திருக்கிறோம். அப்படியானால் அது யாருடைய உருவப்படம்?

புகைப்படக் கலை பயின்றவர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: 'இயல்பாக இருங்கள்'. கேமராவைப் பார்க்காதீர்கள், சிரிக்காதீர்கள், தலை வாராதீர்கள், பவுடர் பூசாதீர்கள். இந்த இயல்பு எவருடைய இயல்பு என்று நாங்கள் யோசித்ததே இல்லை. ஒருவர் படத்துக்கு உட்காருமுன் முகம் கழுவித் துண்டால் துடைத்துச் சட்டை மாற்றுவதுதான் இந்த ஊரில் இயல்பு. விருந்தாளி வந்தால் மேல்துண்டு போர்த்துகிற, கோயிலுக்குப் போனால் குளித்துவிட்டுப் போகிற சமூகத்தில் அவ்வாறு செய்யாமலிருப்பதே செயற்கை. நாம் 'இயல்பு' என்று அழைப்பது நம் மனத்தில் முன்பே வரைந்து வைத்திருக்கும் ஏழையின் சித்திரம். எதிரில் இருப்பவர் அந்தச் சித்திரத்துக்குள் பொருந்தி உட்கார வேண்டும் என்று அதட்டாமல் அதட்டுகிறோம். மரியாதையான குரலில் சொல்வதால் அது கட்டளை இல்லை என்று ஆகிவிடாது.

ஐயமிருப்பவர்கள் தங்கள் அலமாரியிலிருக்கும் சிற்றிதழ்களை எடுத்துப் பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம். அட்டைகளிலும் உள்பக்கங்களிலும் இரண்டு வகை முகங்கள் இருக்கின்றன. ஒன்று எழுத்தாளரின் முகம். அதற்குப் பெயருண்டு. படமெடுத்தவர் பெயரும் பெரும்பாலும் உண்டு. எழுத்தாளர் தமக்குப் பிடித்த சட்டையில், பின்னால் புத்தக அடுக்கோடு, மோவாயில் கை வைத்து அமர்ந்திருப்பார். கி. ராஜநாராயணனைப் புதுவை இளவேனில் எடுத்த படங்களைப் பார்க்கிறபோது எடுத்தவருக்கும் எடுக்கப்பட்டவருக்கும் இடையிலான நீண்ட நட்பும் சேர்ந்தே தெரிகிறது. மற்றது, சிறுகதைத் தொகுப்பின் அட்டைக்கும் கவிதைக்குப் பக்கத்தில் இடம் நிரப்பவும் பயன்படுகிற கிழவியின் முகம். பாம்படம், பொக்கை வாய், வெற்றிலைக் கறை. அவளுக்குப் பெயரில்லை, ஊரில்லை. தன் முகம் ஒரு புத்தகத்தின் அட்டையானது அவளுக்குத் தெரியுமா என்பதும் தெரியாது. எழுத்தாளரிடம் எவரும் 'சட்டை மாற்றாதீர்கள் ஐயா, கிழிந்த பனியனே நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில்லை. அந்த வேறுபாட்டுக்கு அழகியலில் விடை கிடையாது. அதிகாரம் என்ற சொல்லை நம் கட்டுரைகளில் பத்திக்கு மூன்று முறை எழுதுகிற நாம், அதை நம் அட்டைப்படத்தில் தேடிப் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பின், தாங்கள் ஆளும் மக்கள் எத்தனை வகை என்று அறிந்துகொள்ள விரும்பிய ஆட்சி 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளை 1868 முதல் 1875 வரை வெளியிட்டது. ஜான் வில்லியம் கேயும் ஃபோர்ப்ஸ் வாட்சனும் தொகுத்தவை. பக்கத்துக்குப் பக்கம் ஒட்டப்பட்ட முகங்கள். கீழே சாதி அல்லது குலத்தின் பெயர், அவர்களுடைய குணம் இன்னதென்று சில வரிகள். நம் பக்கத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கின் அகலத்தையும் மண்டையின் சுற்றளவையும் அளந்து திரிந்தவர், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளைக் கொண்டுவந்தார். அங்கே மனிதர் ஒரு மாதிரி, ஒரு வகையின் சான்று. சான்றுக்குப் பெயர் தேவையில்லை. சான்று சட்டை மாற்றிக்கொண்டால் ஆய்வு கெட்டுவிடும்.

எங்கள் நாற்பது பேர் பட்டியலை மறுபடி எடுத்துப் படித்தோம். பூட்டுத் தொழிலாளி, தோல் ஷாப் தொழிலாளி, நெசவாளி, பூக்கட்டும் பெண், துப்புரவுப் பணியாளர், சிறுமலை வாழைப்பழம் விற்பவர். தொழில்களின் பட்டியல் என்று நினைத்திருந்தோம். இந்த ஊரில் தொழிலைச் சொன்னால் தெருவைச் சொன்னதாகும், தெருவைச் சொன்னால் சாதியையோ மதத்தையோ சொன்னதாகும். எங்களை அறியாமலே தர்ஸ்டனின் எட்டாவது தொகுதியைத் தயாரித்துக் கொண்டிருந்தோம். ஜெர்மானியக் கலைஞர் அவுகுஸ்ட் ஸாண்டர் தம் நாட்டு மக்களை இப்படித்தானே தொழில்வாரியாக வகுத்து எடுத்தார் என்று எங்கள் நண்பரொருவர் வாதிட்டார். எடுத்தார். 1929இல் அறுபது படங்களோடு நூல் வந்தது. 1936இல் நாஜிகள் அதன் அச்சுத் தகடுகளை அழித்தார்கள். ஆனால் ஸாண்டரின் சமையற்காரரும் வழக்கறிஞரும் கேமராவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு தம் நிலையில் ஊன்றி நிற்கிறார்கள். அவர் வரிசையில் உழவரும் உண்டு, தொழிலதிபரும் உண்டு, கலைஞரும் உண்டு. எங்கள் பட்டியலில் வங்கி மேலாளர் இல்லை, வட்டிக்கு விடுபவர் இல்லை, கல்லூரி ஆசிரியர் இல்லை. அதாவது எங்களைப் போன்றவர்கள் இல்லை. 'எளிய மனிதர்' என்ற தொடரின் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. நமக்குக் கீழே இருப்பவர் என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி அது.

நம்மிடம் இன்னொரு மரபு இருந்தது. நாம்தான் அதைப் பார்த்துச் சிரித்தோம். ஊருக்கு ஊர் இருந்த போட்டோ ஸ்டுடியோ. மாடிப்படியும் தூணும் வரைந்த திரை, ஒரு முக்காலி, அதன்மேல் காகிதப்பூ ஜாடி, ஆணியில் தொங்கும் ஒரு கோட்டு, கண்ணாடிக்கு முன்னால் சீப்பும் பவுடர் டப்பாவும். உழவரும் நெசவாளியும் உள்ளே போனார்கள். கோட்டு அளவு சரியில்லாவிட்டாலும் மாட்டிக்கொண்டார்கள். கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடக்கி வைத்தார்கள். நாட்டுப்புறத்தான் கோட்டுப் போட்ட கதை என்று நாம் கேலி பேசினோம். ஸ்டுடியோக்காரர் செய்ததைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். எதிரே வந்தவர் எப்படி இருக்க விரும்பினாரோ அப்படி இருக்க அவர் இடம் கொடுத்தார். காலர் மடிந்திருந்தால் நீவிவிட்டார். தாடையைப் பிடித்துச் சற்றே உயர்த்தினார். மூன்று நாளில் அட்டையில் ஒட்டிப் படத்தைக் கையில் தந்தார். படம் வீட்டுக்கு வந்தது, சட்டமிடப்பட்டது, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஏறியது.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயி ஹெட்லியும் அவருடைய குழுவினரும் 2010களில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களிலும் வீடுகளிலும் அழிந்துகொண்டிருந்த இத்தகைய படங்களைத் தேடி எண்மப்படுத்தினார்கள். அந்தப் படங்கள் காட்டுவது எளிமையை அன்று. தங்களைக் குறித்துத் தாங்கள் என்ன நினைத்தார்கள் என்பதை மக்கள் தம் முகத்தாலும் உடையாலும் எழுதி வைத்த சாசனங்கள் அவை. மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டுடியோ திறந்த ஸெய்து கெய்த்தா செய்ததும் இதைத்தான். கோட்டு, கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி என்று வாடிக்கையாளருக்கு இரவல் தந்தார். இன்று உலகம் அவரை மேதை என்கிறது. ஆனால் 1991இல் நியூயார்க்கில் அவர் படங்கள் முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது எடுத்தவர் பெயர் தெரியாது என்றே எழுதி வைத்தார்கள். பெயரழிப்பு என்பது எடுக்கப்படுபவரோடு நிற்பதில்லை.

இங்கே சட்டமும் ஒரு வேடிக்கை காட்டுகிறது. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துத் தம் பொருட்டு எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அவரே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்துக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் தம் படத்துக்குச் சட்டப்படி உரிமையாளர். நாங்கள் கலையின் பெயரால் இலவசமாகக் 'கௌரவித்த' பூட்டுப் பெரியவருக்குத் தம் படத்தில் அந்த உரிமை துளியும் இல்லை, முழுக்க எங்களுடையது. வாடிக்கையாளராக இருந்தவரைக் கச்சாப்பொருளாக மாற்றிவிட்டு அதற்கு மனிதநேயம் என்று பெயரும் சூட்டிக்கொண்டோம்.

இனி ஊரைப் பார்ப்போம். திண்டுக்கல்லில் முகங்களுக்குப் பஞ்சமில்லை. பேருந்து நிலையத்திலிருந்து எந்தச் சாலையில் இறங்கினாலும் தலைக்கு மேல் ஃப்ளெக்ஸ் முகங்கள்தாம். தலைவர்கள், தலைவர்களை வரவேற்பவர்கள், அவர்களுக்கு வாழ்த்துச் சொல்பவர்கள். சாதாரணக் குடும்பத்தின் முகம் காதணி விழாவுக்கோ பூப்புனித நீராட்டுக்கோ கல்யாணத்துக்கோ இரண்டு நாள் அந்த உயரத்துக்கு ஏறும். கடைசியாகக் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டியில். சுவரொட்டி ஒட்ட வேண்டிய இரவில் படத்துக்கு அலையும் வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆதார் அட்டையிலிருந்து பெயர்த்தெடுத்த, தம் முகமென்று அவரே ஒப்புக்கொண்டிராத ஒரு முகத்தைப் பெரிதாக்கி, கணினியில் ஒரு வெள்ளைச் சட்டையை ஒட்டுகிறார்கள். கவனியுங்கள்: இறந்தபின் அவருக்குச் சட்டை மாற்றிவிடுகிறார்கள். குடும்பத்துக்கும் சுவரொட்டிக் கடைக்காரருக்கும் தெரிந்த அந்த நாகரிகம் எங்களுக்குத் தெரியவில்லை. வயதானவர்கள் 'நல்லதா ஒண்ணு எடுத்துக் குடு தம்பி' என்று கேட்பதில் தம் சாவைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்றோ அழகுணர்ச்சியின்மை என்றோ தள்ளிவிடுபவர் முகங்களைப் படமெடுக்க லாயக்கற்றவர்.

எங்களுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களைக் கேட்டிருக்கிறோம். அவற்றை நாங்களே முன்பு சொன்னவர்கள் என்பதால் அவற்றின் வலிமையும் தெரியும்.

முதலாவது, உழைப்பின் உண்மை மறைந்துவிடும் என்பது. எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டு நின்றால் பட்டறையின் புழுதியும் தோல் ஷாப்பின் சுண்ணாம்பும் எங்கே போகும்? நியாயமான கேள்விதான். ஆனால் கிழிந்த பனியன் எந்த உண்மையைச் சொல்லிவிட்டது? ஒரு பூட்டுக்கு அவருக்குக் கிடைக்கும் கூலியைச் சொல்லிற்றா? அலிகார் பூட்டுகளோடு போட்டியிட முடியாமல் பட்டறைகள் குறைந்த கதையைச் சொல்லிற்றா? 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டின் பெயரை இனி வேறு ஊரார் எடுத்தாள முடியாது. பூட்டைச் செய்தவரின் பெயரோ எங்கள் படத்தின் கீழ்கூட இல்லை. 'பூட்டுத் தொழிலாளி, திண்டுக்கல்' என்றே எழுதியிருந்தோம். கூலியைச் சொல்ல வேண்டுமானால் எழுத்தில் சொல்லலாம், அவரையே சொல்லச் சொல்லலாம். வேலை செய்யும்போது எடுக்கும் படம் வேறு; அதையும் கேட்டுவிட்டு எடுக்கலாம். ஏழ்மையை நிரூபிக்கும் பொறுப்பை அவருடைய பனியன்மீது சுமத்த வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மதுரைக்காரரான மு. பழனிகுமாரின் பெயரைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்வையும் சாவையும் தொடர்ந்து படமெடுத்து வருபவர். கிராமப்புற இந்தியாவைப் பற்றிய பாரி இணையக் களஞ்சியத்தில் அவர் பணி நிறைந்திருக்கிறது. அவர் எடுப்பது ஒப்பனையற்ற முகங்கள்தானே என்கிறார்கள். ஆம். ஆனால் அவர் மீன் விற்று வளர்த்த ஒரு தாயின் மகன். தம் மக்களிடையே நின்று எடுப்பவர். அந்தப் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயருண்டு, வரலாறு உண்டு, யார்மீது கோபம் என்ற தெளிவும் உண்டு. வடசென்னைப் பிள்ளைகளின் கையிலும் கேமராவைக் கொடுத்துப் பழக்கியவர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவோடு இறங்கி மதிய பிரியாணிக்குள் ஆறு 'முகங்களை' அள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்ல உரிமையில்லை. எங்களுக்கும் இல்லை.

இரண்டாவது, எல்லாம் கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும், எல்லோரும் விறைத்துக்கொண்டு நிற்பார்கள் என்பது. இதற்கு அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். மில்டன் ரொகோவின் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் தொழிலைச் செய்தவர். 1957இல் கம்யூனிஸ்ட் என்று விசாரணைக்கு இழுக்கப்பட்டுத் தொழில் படுத்தபோது கேமராவைக் கையிலெடுத்தார். 1972இல் தம் கடைக்கு அருகிலிருந்த ஏழைக் குடியிருப்பின் ஆறு தெருக்களுக்குள் நுழைந்தார். எப்படி நிற்க வேண்டும் என்று எவருக்கும் சொல்லவில்லை. எடுத்த படத்தை அவரவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1984இல் அதே மனிதர்களைத் தேடிப் போனார். 1992இல் மீண்டும். 2000க்குப் பின், தொண்ணூறு வயதை அடைந்த நிலையிலும் மீண்டும். ஒரே குடும்பம் முப்பது ஆண்டுகளில் நான்கு முறை நேராக நின்று நம்மைப் பார்க்கிறது. விறைப்பாகத்தான் நிற்கிறார்கள். அந்த விறைப்பினூடே காலம் அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவைத்தது என்பதெல்லாம் தெரிகிறது. எங்கள் பக்கவாட்டு வெளிச்சத்தால் அதில் நூற்றிலொரு பங்கைக்கூடக் காட்ட முடியாது.

மூன்றாவது, கலைஞனின் சுதந்திரம். தெருவில் நடப்பதை எவரும் எடுக்கலாம். அந்தக் கலையின் மகத்துவத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உருவப்படம் இருவர் கூடிச் செய்வது. ஒருவர் உட்கார்ந்தால்தான் இன்னொருவர் எடுக்க முடியும். உட்காருகிறவருக்கு அதில் குரல் இல்லையென்றால் அதை அவருடைய படம் என்று சொல்லாதீர்கள். உங்கள் படம் என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த வட்டாரத்தில் எழுத்தும் கேமராவும் சேர்ந்தே புழங்கியதற்கு முன்னுதாரணம் உண்டு. வத்தலகுண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா ஜல்லிக்கட்டைத் தாமே கேமராவில் எடுத்தவர். பிறகு 'வாடிவாசல்' எழுதினார். அந்தக் குறுநாவலில் மாடு அணைபவனுக்குப் பிச்சி என்று பெயர், அவனோடு வந்தவனுக்கு மருதன் என்று பெயர். காளைக்கும் காரி என்று பெயருண்டு. மாட்டுக்குக் கொடுத்த மரியாதையை மனிதருக்குக் கொடுக்க மறந்தது அவருக்குப் பின்வந்த நாங்கள்தான்.

ஆகவே திட்டத்தைத் திருத்தி அமைத்திருக்கிறோம். இதை எங்கள் மேன்மைக்குச் சான்றாகச் சொல்லவில்லை; பிறகு நாங்களே மீறினால் சுட்டிக்காட்ட உங்களுக்கு ஏதுவாகப் பொதுவில் வைக்கிறோம்.

'எளிய மனிதர்கள்' என்ற தலைப்பு போயிற்று. வேறு தலைப்பு இன்னும் இல்லை, அவசரமுமில்லை. பட்டியல் தொழில்வாரியாக இராது, வாசல்வாரியாக இருக்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்தடுத்த வீடுகள். அதில் பூட்டுக்காரரும் வருவார், வங்கி மேலாளரும் வருவார், வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைக்கு வேனில் போகிற பெண்ணும் வருவார், வாடகை அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பீகார் இளைஞரும் வருவார். அவரிடம் அவர் மொழியில் பேசிச் சம்மதம் கேட்க ஆள் கிடைக்கும்வரை அவரை எடுக்க மாட்டோம். எங்கள் ஐவர் வீடும் அதே வரிசையில் வரும். எங்களைத் தெருக்காரர் ஒருவர்தான் எடுப்பார், அவர் சொல்கிறபடி நாங்கள் நிற்போம்.

நாள், நேரம், இடம், உடை, உடன் நிற்பவர், கையில் வைத்திருக்கும் பொருள் எல்லாம் உட்காருகிறவர் முடிவு. இரண்டு சக்கர வாகனத்தோடு நிற்க விரும்பினால் நிற்கட்டும். இரவல் சங்கிலியோடு என்றால் அப்படியே. கூலி நாள் கெடுமானால் அந்தக் கூலியை நாங்கள் தருவோம். காசு கொடுத்தால் படத்தின் தூய்மை கெடும் என்கிறவர்கள் தம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து பேசட்டும். படத்தின் கீழே அவர் சொல்கிற பெயர், அவர் சொல்கிற வரி. சாதி இராது, அவர் கேட்டுக்கொண்டாலொழியத் தொழிலும் இராது. அவருடைய கண்களில் தெரியும் ஏக்கத்தைப் பற்றி நாங்கள் கவிதை எழுத மாட்டோம்.

மறுப்பவரை வற்புறுத்துவதில்லை. பெண்கள் பலர் மறுத்தார்கள். அப்போது பிற்போக்கு என்று எங்களுக்குள் சலித்துக்கொண்டோம். யாரோ எடுத்த முகத்தை இன்னொருவர் உடலில் ஒட்டி உலவவிடக் கணினிக்குச் சில நொடிகள் போதும் என்றாகிவிட்ட இக்காலத்தில் அந்த மறுப்பில் எங்களுக்கில்லாத அறிவு இருந்தது. இணையத்தில் ஏற்றுவதற்குத் தனியாகச் சம்மதம் கேட்போம். வேண்டாம் என்று பிறகு சொன்னாலும் எடுத்துவிடுவோம்.

முதல் பிரதி உட்கார்ந்தவருக்கு. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், சட்டமிட்டு, கண்காட்சிக்கு முன்னால், ஒரு மாதத்துக்குள். அவர் பார்த்து 'சரி' என்றால்தான் அடுத்த பிரதி போடப்படும். கண்காட்சியும் சென்னையில் நடக்காது. எந்தத் தெருவில் எடுத்தோமோ அந்தத் தெருவில்தான் நடக்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே வாசல்களுக்கு மறுபடி போவோம். அதற்குள் சிலர் சுவரொட்டியில் இருப்பார்கள். அதில் இருக்கும் படம் நாங்கள் கொடுத்ததாக இருக்குமானால், விருதெதுவும் தராத ஓர் அங்கீகாரம் அது.

இதனால் 'கலை' குறைந்துபோகலாம். நாற்பதில் முப்பத்தைந்து சாதாரணப் படங்களாக வரலாம். எந்தப் போட்டியிலும் தேறாமல் போகலாம். போகட்டும். நல்ல படம் ஒன்றை எடுத்துவிட்டு அந்த முகத்துக்குரியவர் எதிரே வரும்போது வேறு சந்துக்குள் திரும்பி நடக்க வேண்டியிருந்ததை நாங்கள் அனுபவித்துவிட்டோம்.

பூட்டுப் பெரியவரின் பழைய படத்தை, அவரைக் கேட்டு, அழித்துவிட்டோம். பெரிய தியாகம் என்று எங்களில் ஒருவருக்கு இன்னமும் வருத்தம் உண்டு, அதையும் மறைக்கவில்லை. புதிய படத்துக்கு அவரே நாள் சொல்லியிருக்கிறார்: வருகிற ஞாயிற்றுக்கிழமை, பட்டறையில் வேண்டாம், வீட்டு வாசலில். மகள் வருவாளாம். தாம் இளவயதில் செய்த மாங்காய்ப் பூட்டு ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதைத் தேய்த்து வைக்கிறேன், கையில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதைக்கூட எங்களிடம் அனுமதியாகக் கேட்டார் என்பதில்தான் எங்கள் முதல் நாளின் குற்றம் இன்னும் மிச்சமிருக்கிறது.

மறுப்புள்ளவர்கள் எழுதட்டும். எழுதுமுன் ஒன்று மட்டும் செய்யுங்கள். நீங்கள் எடுத்த முகங்களில் உங்களுக்கு மிகப் பிடித்ததை எடுத்து, அந்த முகத்துக்குரியவர் தம் வீட்டுச் சுவரில் அதை மாட்டுவாரா என்று அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள். பேசுவோம்.